ஒருவரும் தூக்காமல் ஒருநாள்

யோகாக்கா போய்விட்டார் என்ற செய்தி, நான் பஸ்ஸில் வாணர் தாம்போதியைக் கடந்துகொண்டிருந்தபோது வந்தது. அவரைப் பார்க்கத்தான் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மடியில் தோடம்பழப் பை, றோட்டுக்கு இரண்டு பக்கமும் கடல். அவருடைய தம்பியின் மகள் சுபா தொலைபேசியில் அழைத்து, "மாமி போட்டா அண்ணை" என்றாள். குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த பிறகுதான் அழைத்திருக்க வேண்டும். இப்படியான நேரத்தில் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லத் தெரியாத மனிதன் நான். என் வாயில் முதலில் வந்தது, "ஊருக்கு எப்பிடிப் பிள்ளை கொண்டு போகப் போறியள்?" என்ற கேள்விதான். "தூக்கித்தான் அண்ணை" என்றாள் அவள்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

யோகேஸ்வரி நெடுந்தீவில் பிறந்து நெடுந்தீவிலேயே வாழ்ந்தவர். தீவகத்து மாற்றுத்திறனாளிகளுக்காக நாங்கள் நடத்தும் சிறு சங்கத்துக்கு அவர் தலைவி, பக்கத்துத் தீவில் மடத்துவெளியில் இருக்கும் நான் செயலாளர். யுத்த காலத்தில் செல் வெடித்துத் துண்டொன்று முதுகில் பட்ட நாளிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மேடைகளுக்கு அழைப்பவர்கள் எல்லோரும் அந்தக் கதையைத்தான் சொல்லச் சொல்வார்கள். அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "அதைக் கேட்டு எல்லாரும் அழுதுபோட்டு வீட்டை போயிடுவினம். படி அங்கையே இருக்கும்" என்பார். கூட்டங்களில் மற்றவர்கள் சக்கர நாற்காலி என்பார்கள். அவருக்கு அது சில்லுக்கதிரைதான்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, ஒருவரும் தன்னைத் தூக்காமல், ஒருநாள் போய் வரவேண்டும். அங்கே கச்சேரி போன்ற ஏதாவது அரசாங்க அலுவலகத்துக்கு இல்லை. ஓர் ஐஸ்கிறீம் கடைக்கு. கடைக்குள்ளே தானாகப் போய், மேசையடியில் இருந்து, ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வரவேண்டும். "எங்களை எண்டால் கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் வாறதெண்டு நினைக்கினம்" என்று சொல்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

தூக்குவதில் என்ன குறை என்று என்னையே பலர் கேட்டிருக்கிறார்கள். துறையில் நின்று பார்த்தவர்களுக்கு விளங்கும். எங்கள் தீவுகளில் படகுக்கு எல்லாமே கைமாறித்தான் ஏறும். அரிசி மூட்டை, எரிவாயுச் சிலிண்டர், ஆடு, மோட்டார் சைக்கிள், பச்சைக் குழந்தை, எல்லாம். துறையில் நிற்பவன் கொடுப்பான், படகில் நிற்பவன் வாங்குவான். யாரும் கூப்பிடத் தேவையில்லை. யோகாக்கா துறைக்கு வந்ததும் நாலு ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். ஒருவர் கைக்குள்ளால் பிடிப்பார், ஒருவர் தொடைக்குக் கீழே பிடிப்பார். "மெல்ல, மெல்ல" என்று சத்தம். "பாரமே இல்லை" என்று ஒருவர் சொல்வார். எப்போதும் யாராவது ஒருவர் அதைச் சொல்லியே தீருவார். தூக்கும்போது உடுப்பு விலகிவிடும் என்று அவர் பாவாடை ஓரத்தை ஊசிகளால் குத்தி, உள்ளே நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டுதான் வெளிக்கிடுவார். வெயிலில் அதற்குள் அவிந்துபோவார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "என்னைத் தூக்கிறவை எல்லாரும் நல்லவை. அதுதான் கரைச்சல். கெட்டவை எண்டால் ஏசலாம்."

என்னோடு அவர் ஒட்டாக இருந்ததற்கும் அதுவே காரணம். எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால். பாரம் தூக்கினால் நானும் விழுவேன், பாரமும் விழும். "நீர்தான் எனக்குத் தோதான ஆள். உமக்குத் தூக்க ஏலாது" என்று பகிடி பண்ணுவார். எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது ஒன்றுதான்.

நகரத்தில் நடந்த அந்தக் கூட்டத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. எல்லோரும் நடமாடக்கூடிய நகரம் என்ற தலைப்பில் ஒரு விழிப்புணர்வுப் பட்டறை. கொழும்பிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எங்கள் தலைவிதான் பிரதம பேச்சாளர், முன்வரிசையில் இடம். போய்ப் பார்த்தால் மண்டபம் மேல்மாடியில். மின்தூக்கி கிடையாது. ஏற்பாட்டாளர் இறங்கி ஓடி வந்து, பயப்பட வேண்டாம், நாலு பேர் வந்து தூக்குவார்கள் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, முகமெல்லாம் வியர்த்திருந்தது. யோகாக்கா அவரைப் பார்த்து, "நான் பயப்பிடேல்லை தம்பி. நீங்கள் எல்லாரும் கீழை வாருங்கோ" என்றார்.

அவர்கள் வரவில்லை. கதிரைகள் மேலே போடப்பட்டுவிட்டனவாம், ஒலிபெருக்கியும் திரையும் மேலே பூட்டியாகிவிட்டதாம். நான் படியேறிப் போய் ஒலிவாங்கியை வாங்கி, கூட்டத்தின் பிரதம பேச்சாளர் கீழே மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் இருக்கிறார் என்று சொன்னேன். சபை உருக்கமாகக் கைதட்டியது. கைதட்டிவிட்டு நிகழ்ச்சி நிரலின்படி அடுத்தவர் பேசினார். எனக்கு அந்த ஒலிவாங்கியால் யாருக்காவது ஒன்று போடவேண்டும் போல இருந்தது. கீழே இறங்கி வந்து அக்காவுக்குப் பக்கத்தில் கடைசிப் படியில் இருந்தேன். சற்று நேரத்தில் தட்டில் தேநீரும் றோல்ஸும் கீழே வந்தன. யோகாக்கா தட்டைக் காட்டி, "தேத்தண்ணி படியாலை இறங்கி வருது பாரும். கூட்டத்துக்கு மட்டும் ஏலாதாம்" என்றார். மேலே நன்றியுரையில், பல சிரமங்களுக்கு மத்தியிலும் வருகை தந்த யோகேஸ்வரி அவர்களுக்கு விசேட நன்றி தெரிவித்தார்கள். அது ஒலிபெருக்கியில் எங்களுக்கும் கேட்டது.

அந்தத் தேநீரை அவர் குடிக்கவில்லை. றோல்ஸை மட்டும் கடித்துவிட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்தார். ஆறிப்போகுது அக்கா என்று நான் வற்புறுத்தியபோதுதான், இத்தனை காலம் பழகியும் எனக்குத் தெரியாதிருந்த ஒன்றைச் சொன்னார். யாழ்ப்பாணம் வருவதென்றால் முதல்நாள் பின்னேரமே அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாராம். "பட்டணத்திலை எனக்கொரு கக்கூசு இருக்கோ, சொல்லும் பாப்பம்" என்று கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். பொதுக் கழிப்பறைகள் இருக்கின்றன. ஒன்றில் படி, ஒன்றில் கதவு ஒடுக்கம், இன்னொன்று மாற்றுத்திறனாளிகளுக்கென்றே கட்டியது. அதில் துடைப்பமும் வாளியும் வைத்துப் பூட்டியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்த அன்று திறப்பு வைத்திருப்பவர் லீவு.

நெடுந்தீவிலிருந்து கடலில் ஒரு மணி நேரம். பிறகு றோட்டில் ஒரு மணி நேரம். அலுவல் முடியக் காத்திருந்து, திரும்பவும் அதே வழி. வெயிலில் நாக்கு ஒட்டிப்போக, ஒரு சொட்டுத் தண்ணீர் குடியாமல் அந்த மனுசி போய் வந்திருக்கிறார். எங்கள் சங்கத்துக்காகத்தான் அத்தனை பயணமும். கடைசியில் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிருமி உடம்பெல்லாம் பரவித்தான் போனார். தண்ணீர் நன்றாகக் குடித்திருக்க வேண்டும் என்று வைத்தியர் சுபாவிடம் சொன்னாராம். உண்மைதான். நான் அந்த வைத்தியருக்கு என்ன சொல்ல?

சாய்தளமே கட்டவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்று கட்டினார்கள். எங்கள் தீவுகளில் ஒன்றில், பொதுமண்டபத்து வாசலில். எந்தத் தீவு என்று எழுதவில்லை, கட்டியவர்கள் என் பேச்சை நம்பித்தான் கட்டினார்கள். கனடாவில் இருக்கும் அன்பர் ஒருவர் தாயாரின் ஞாபகார்த்தமாகச் செலவை ஏற்றார். நல்ல சாய்வு, கைபிடி, வழுக்காத தரை, ஒரு குறை சொல்லேலாது. திறப்பு விழாவுக்கு நிறைகுடம் வைத்து, வாழை கட்டி, யோகாக்காவைக் கொண்டே நாடாவையும் வெட்டுவித்தார்கள். நாடாவை வெட்டிவிட்டு அவர் ஏறினார். உச்சியில், சாய்தளம் வாசலோடு சேரும் இடத்தில், நட்ட நடுவே கருங்கல்லில் பெயர்க்கல். தாயாரின் படம், தோற்றம், மறைவு எல்லாம் பொறித்து, வருகிற எல்லோருக்கும் தெரியட்டும் என்று அங்கே நட்டிருந்தார்கள். சில்லுக்கதிரை இந்தப் பக்கத்தாலும் போகாது, அந்தப் பக்கத்தாலும் போகாது.

நான் மண்டபக்காரரோடு சத்தம் போட்டேன். கல்லைக் கிளப்புங்கள் என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று. விழா கனடாவுக்கு நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது, மகன் அங்கே பார்த்துக்கொண்டிருந்தார். யோகாக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "விடும். அந்த மனுசியை எனக்குத் தெரியும், நல்ல சீவன். செத்த பிறகும் எழுப்பிவிடச் சொல்லி நான் கேக்கேலுமே?" என்றார். பிறகு நாலு பேர் வந்து, கல்லுக்கு மேலால் அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கல் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் அதில் ஏறி இருந்து கதைப்பார்கள்.

யாரோடு கோபிப்பது? எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வரும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் யோகாக்காவோடு திரிந்த காலம் முழுவதும் அந்தக் கோபத்தை இறக்கிவைக்க ஓர் ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. எல்லோரும் உதவி செய்தார்கள். ஒருவரும் ஒரு படியைக் குறைக்கவில்லை.

ஆனாலும் அவர் தன் ஆசையை விடவில்லை. நெடுந்தீவுப் படகோட்டி சூசை அண்ணை பழைய படகொன்றின் மரத்தை எடுத்து, இரண்டு பலகைகளைச் சேர்த்து அடித்து, சில்லுக்கதிரை அகலத்துக்கு ஒரு பலகை செய்தார். ஓரம் இரண்டிலும் சட்டம் அடித்து, சில்லு விலகாமல் பார்த்துக்கொண்டார். தூக்கத்தான் கூடாது, பின்னால் நின்று தள்ளலாம் என்பது யோகாக்கா வைத்த சட்டம். ஆனால் படகு துறையின் மட்டத்துக்கு நிற்கவேண்டும், அலையும் இருக்கக்கூடாது. சோளகக் காற்று வீசும்போது சரிவராது. வாடைக்கு நினைத்தும் பார்க்கேலாது. பங்குனியில்தான் கடல் செத்துக் கிடக்கும். போன பங்குனியில் ஒருநாள் வெளிக்கிட்டோம்.

நெடுந்தீவுத் துறையில் ஆண்கள் வழக்கம்போல ஓடி வந்தார்களாம். சூசை அண்ணை துடுப்பைக் கையில் எடுத்து, கிட்ட வந்தால் அடிப்பேன் என்று நின்றாராம். பலகையில் ஏறி, பலகையில் இறங்கி, எங்கள் தீவின் குறிகட்டுவான் துறையில் அவர் வந்து சேர்ந்தபோது நான் ஒரு சின்ன லொறியோடு காத்திருந்தேன். மீன் ஏற்றும் லொறி. கழுவித்தான் வைத்திருந்தேன், மணம் போகவில்லை. அதே பலகையால் லொறிக்குள் ஏற்றி, கதிரையைக் கயிற்றால் கட்டி, சூசை அண்ணையும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். மேலே மூடியில்லாத லொறி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலைமுடி பறக்க, தாம்போதியில் அவர் போனார். வேலணையில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கையசைத்தார். "தேரிலை வாறன், தேங்காய் உடையுங்கோ" என்று ஒரு கடைக்காரரிடம் கத்தினார். அன்றைக்கு ஊசி குத்தவில்லை, காற்சட்டை போடவில்லை. நல்ல பச்சைச் சேலை.

ஐஸ்கிறீம் கடை வாசலில் இரண்டு படிகள். எங்களிடம்தான் பலகை இருக்கிறதே. இறக்கிப் போட்டோம், ஆடவில்லை. அக்கா எங்களைத் தள்ளவும் விடவில்லை. தானே சில்லைப் பிடித்து உந்தி உந்தி ஏறினார். கழுத்து நரம்பு புடைத்தது. பாதிக்கு மேல் போய்விட்டார்.

அப்போது கடைக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கடையில் வேலை செய்பவர், மற்றவர் குடும்பத்தோடு ஐஸ்கிறீம் குடிக்க வந்த ஒரு கனவான். "ஐயோ அம்மா, ஏன் இப்பிடிக் கஷ்டப்படுறியள்" என்றபடி, ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமுமாகக் கதிரையோடு தூக்கி, உள்ளே மின்விசிறிக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. சூசை அண்ணை பலகையின் நுனியைப் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் முகம் மலர்ந்து பார்த்தார்கள். அந்தக் கனவான் தன் மகளிடம், "பாத்தியோ, ஏலாதவைக்கு இப்பிடித்தான் உதவி செய்யவேணும்" என்றார்.

நான் அவரிடம் போக அடியெடுத்து வைத்தேன். யோகாக்கா கண்ணால் வேண்டாம் என்றார். பிறகு அந்த இருவரையும் பார்த்து, "நன்றி தம்பிமார்" என்றார். அவ்வளவுதான். ஐஸ்கிறீம் வந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் இருந்தார். கண்ணாடிக்குக் கீழால் கண்ணீர் இறங்கி வந்ததை நானும் சூசை அண்ணையும் பார்த்தோம், பாராதது போல இருந்தோம். முழுவதையும் குடித்தார், கரைந்ததையும் விடவில்லை. லொறியில் ஏறிய பிறகுதான் பேசினார். "இவ்வளவு காணாது. அடுத்த பங்குனிக்கு இன்னொருக்கா போவம்."

மார்கழியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. வாடை அடித்துக்கொண்டிருந்த நேரம். நினைவு பாதி இருந்தும் இல்லாமலும்தான் படகில் ஏற்றினார்களாம். எத்தனை கைகள் தூக்கின என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்தேன். பேச இயலாமல் கிடந்தார். தாதியர் இரண்டு பேர் படுக்கையில் அவரைத் தூக்கித் திருப்பிப் போட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சவப்பெட்டி குறிகட்டுவானுக்கு வந்தபோது துறை முழுக்க ஆட்கள். கடல் கொந்தளித்தது, படகு ஏறி ஏறி இறங்கியது. சூசை அண்ணை என்ன நினைத்தாரோ தெரியாது, கை பழக்கமாக இருக்கலாம், படகுக்குள்ளிருந்து அந்தப் பலகையை எடுத்துத் துறைக்கும் படகுக்கும் நடுவே போட்டார். பெட்டியோடு வந்தவர்களில் ஒருவர், "உந்தப் பலகையை எடுங்கோ, கால் தடக்கும்" என்றார். நியாயமான பேச்சுத்தான். சூசை அண்ணை என்னைப் பார்த்தார். நான் குனிந்து பலகையை இழுத்து எடுத்து, ஓரமாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கோ தூக்க ஏலாது. நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

கைமாறிக் கைமாறிப் பெட்டி போனது. "மெல்ல, மெல்ல" என்றார்கள். "பாரமே இல்லை" என்று ஒருவர் சொன்னார். பிறகு வெறும் சில்லுக்கதிரையும் தலைகளுக்கு மேலால் போனது. படகில் இடமில்லை. செயற்கைக்காலோடு அந்த அலையில் நான் ஏறவும் முடியாது. படகு விலகிய பிறகுதான் பலகை என் கையில் இருப்பது தெரிந்தது. "அண்ணை, பலகை!" என்று கத்தினேன். இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

அவருடைய பெயரில் நெடுந்தீவுத் துறையடியில் ஒரு நினைவுக்கல் வைக்கப் போவதாக வெளிநாட்டு உறவினர்கள் பேசுகிறார்கள் என்று அறிகிறேன். அன்போடு செய்கிறார்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வைப்பதென்றால் தயவுசெய்து வழியை விட்டு வையுங்கள்.

பலகை என் வீட்டு விறாந்தையில் சாத்தியிருக்கிறது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அது மட்டும்தான். இரண்டு ஓரத்திலும் சில்லு உருண்ட இடம் மட்டும் மரம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. சூசை அண்ணை ஆள் அனுப்பிக் கேட்டார். அலை விழட்டும், கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். தை பிறந்துவிட்டது, வாடையும் தணிந்து வருகிறது. பங்குனியில் கடல் செத்துக் கிடக்கும். பலகை இருக்கிறது, படகு இருக்கிறது, லொறிக்காரனும் வருவான். போக ஆளில்லை.